மிச்சம் பேந்து

எந்தப் படத்தின் முடிவையும் போட்டு உடைத்துவிடுவது என் பழக்கம். கெட்ட பழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கனடாவில், மொன்ரியலுக்குப் பக்கத்துப் புவாண்ட்-கிளேரில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அந்த வருடங்களில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை அது. தமிழ்ப்படம், ஆங்கிலப்படம், சீனச் சண்டைப்படம் என்று கிழமைக்கு நாலைந்து பார்த்துவிடுவேன். திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு அறையில் கடை விரிப்பேன். யார் கொலைகாரன், யார் கடைசியில் சாகிறான், யார் யாருடைய தொலைந்துபோன தம்பி, ஒன்றையும் விட்டுவைக்கமாட்டேன்.

அந்த அறையில் என்னிடம் ஒரு முடிவும் கேட்காதவர் எங்களோடு பெட்டி அடுக்கிய ஒரு அண்ணை மட்டும்தான். கதை கேட்பதில் குறைவில்லை. மற்றவர்களைவிட நன்றாகவே கேட்பார். பாண் ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நிற்கும். ஆனால் கதை கடைசிக் கட்டத்துக்கு வருகிறது என்பதை எப்படியோ மணந்து பிடித்துவிடுவார். "காணும் தம்பி, காணும்" என்று எழும்பிவிடுவார். காணும் என்றால் எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் போதும் என்று அர்த்தம். சம்பல் பூசிய பாணைத் தாளில் சுற்றிக்கொண்டு, கதவடியில் நின்று ஒரு வசனம் சொல்வார்.

"மிச்சம் பேந்து."

பேந்து என்றால் பிறகு. எங்கள் ஊரில் அதைவிட ஏமாற்றுக்காரச் சொல் கிடையாது. 'பேந்து வாறன்' என்றவன் வரமாட்டான். 'பேந்து பாப்பம்' என்றால் பார்க்கப்போவதில்லை என்று சொன்னவனுக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும். இவரும் அந்த மாதிரித்தான், மிச்சத்தை ஒருநாளும் வந்து கேட்டதில்லை. அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பட்டம் பேந்தர். முகத்துக்கு முன்னால் அண்ணை, முதுகுக்குப் பின்னால் பேந்தர்.

படம் என்றில்லை, எதிலும் கடைசிவரை இருக்கமாட்டார். ஹொக்கி இறுதிப் போட்டிகள் நடக்கிற மாதத்தில் மொன்ரியலில் வேறு பேச்சே இருக்காது. ஒருமுறை என் வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். இரண்டு பக்கமும் சமன், ஐந்து நிமிடம் மிச்சம். திரும்பிப் பார்த்தால் மனுசன் வாசலில் குந்தியிருந்து சப்பாத்து நாடா கட்டுகிறார். எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் இயேசுவின் திருப்பாடுகளின் நாடகம் போட்டால் சிலுவை வரைக்கும் இருப்பார், உயிர்ப்புக்கு இருக்கமாட்டார். அவருடைய மனைவி நல்ல வாய்க்காரி. "உவர் எங்கட கலியாணப் பூசையிலயே கடைசி ஆசீர்வாதத்துக்கு முதல் வெளிக்கிட்டவர். சாமியார்தான் மறிச்சு வைச்சது" என்பார். அவர் அதற்கும் சிரித்துக்கொண்டு கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிடுவார். அந்தத் தொப்பியைக் கோடையிலும் கழற்றமாட்டார்.

ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஒரு துப்பறியும் படம், நன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், வழக்கம்போல எழும்பிவிட்டார். கதவைத் தாண்டப்போனவரின் பின்னால் "டொக்டர்தான் கொலைகாரன்" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் திரும்பினார். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தார். நாற்பதை எட்டிய ஒரு மனிதர் சின்னப்பிள்ளை போலக் காதைப் பொத்திக்கொண்டு, கண் கலங்கி நிற்கிறார். நான் திடுக்கிட்டுப்போனேன். ஒரு படத்தின் முடிவுக்கு யாராவது அழுவார்களா? இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. மூன்றாவது கிழமை மீன் வைத்த மாலுபாண் இரண்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிழை விட்டது நான், பாண் கொண்டுவந்தது அவர்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு படத்தில் மட்டும் பைத்தியம். பிலடெல்பியா நகரத்தில் ஒரு வறிய குத்துச்சண்டைக்காரன் உலக வீரனோடு மோதுகிற படம். உலகம் முழுக்க ஓடி, பிறகு பாகம் பாகமாக வந்தது. பெயர் சொல்லத் தேவையில்லை, அவரும் சொன்னதில்லை. 'அந்தப் படம்' என்பார். அதன் தெருக்கள் அவருக்குத் தன் வீட்டு வளவு போல. "ரெண்டு பக்கமும் மரக்கறிக்கடை, நடுவால ஓடுவான். எங்கட ஊர்த் திருநெல்வேலிச் சந்தையை நீட்டிவிட்ட மாதிரி." "தலைக்கு மேலால ரயில் போகும், கீழ சனம் தன்ர பாட்டுக்கு நடக்கும்." "ஆமையும் மீனும் விக்கிற ஒரு சின்னக் கடை இருக்கு, மூலையில." பிலடெல்பியாவுக்குச் சாமான் ஏற்றிப்போகும் லொறிச் சாரதி ஒரு கியூபெக்காரர். அவரை மறித்துவைத்து, அரைகுறைப் பிரெஞ்சில், சந்தை இருக்கிறதா, ரயில் மேலாலேயே ஓடுகிறதா என்று விசாரிப்பார். அந்தச் சாரதி இவரைக் கண்டாலே இரண்டு முட்டியையும் தூக்கிக் காட்டி "பொன்ஜூர், பொக்ஸர்" என்பார்.

சனிக்கிழமைகளில் மலைச்சரிவில் இருக்கும் பெரிய கோயிலுக்குப் போவார். முழங்காலால் ஏறுகிறவர்களுக்கென்று நடுவில் மரப்படிகள் விட்டிருக்கிற கோயில். இவர் பக்கத்துப் படியால் நடந்தே ஏறுவார். உச்சியில் திரும்பி நின்று நகரத்தைப் பார்ப்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன். "அந்தப் படத்தில வாற படியும் இப்பிடித்தான் தம்பி" என்றார். பக்தியா, படப் பைத்தியமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பார்த்த ஒரே படத்தை ஆயிரம் தரம் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் பாதை திறந்தபோது ஊருக்கு ஒரு மாதம் போய்வந்தார். எப்படி இருக்கிறது யாழ்ப்பாணம் என்று ஆளாளுக்குக் கேட்டோம். "பேந்து சொல்லுறன்" என்றார். அதற்கு அடுத்த வருடம், பனி உருகிக்கொண்டிருந்த ஒரு காலை, வேலை தொடங்க முதல் என் பக்கத்தில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"தம்பி, உம்மட கார் பிலடெல்பியா வரைக்கும் ஓடுமோ?"

"ஓடும் அண்ணை. எப்ப போவம்?"

"இந்தச் சனிக்கிழமை."

பேந்து என்று சொல்லாமல் அவர் நாள் குறித்தது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டோம். மடியில் பத்திரிகைத் தாளில் சுற்றிய நீளமான ஒரு சாமான். என்ன என்று கேட்டேன். மெழுகுதிரி என்றார். கோயிலில் ஆசீர்வதித்து எடுத்ததாம். பயணத்துக்கு நல்லதென்று வைத்திருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

எல்லையில் அமெரிக்க அதிகாரி எங்கள் கடவுச்சீட்டில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு முகத்தை இறுக்கிக்கொண்டான். எதற்குப் போகிறீர்கள்? குத்துச்சண்டைப் படம் எடுத்த இடங்களைப் பார்க்க என்றேன். படத்தின் பெயரையும் சொன்னேன். அவன் முகம் அப்படியே மாறிவிட்டது. "எனக்கென்றால் இரண்டாவது பாகம்தான் பிடிக்கும்" என்றான் ஆங்கிலத்தில்.

பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்தார். "ரெண்டாவதோ? என்ன ரெண்டாவது?"

"என்ன சொல்கிறார்?" என்று அதிகாரி கேட்டான்.

"அவருக்கும் இரண்டாவதுதான் பிடிக்குமாம்" என்றேன். சிரித்துக்கொண்டு விட்டுவிட்டான்.

கார் எல்லையைத் தாண்டியதும் மறுபடி கேட்டார். "எத்தினை பாகம் தம்பி?"

"இதுவரைக்கும் அஞ்சு."

"அஞ்சிலயும் அதே ஆளோ?"

"அதே ஆள்தான்."

"அப்ப சாகேல்ல" என்றார்.

நான் காரை ஓரம் கட்டாத குறை. இத்தனை வருடம் அந்தப் படத்தின் தெருத்தெருவாகச் சொன்ன மனிதருக்கு அடுத்த பாகம் வந்ததே தெரியாதா? "அண்ணை, பகிடி விடுறியளோ?" என்று கேட்டேன். "பேந்து சொல்லுறன்" என்று கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிலடெல்பியாவில் முதலில் சந்தைத் தெருவுக்குப் போனோம். மரக்கறி, மீன், பாலாடைக்கட்டி என்று இரண்டு பக்கமும் கடைகள். தெருவை ஒருமுறை மேலும் கீழும் நடந்துவிட்டு "சரியாத்தான் சொன்னவன்" என்று தனக்குள் சொன்னார். ரயில் தலைக்கு மேலால் போன தெருவில் அண்ணாந்து நின்று, மூன்று ரயில் போகும்வரை பார்த்துவிட்டு, மறுபடி "சரியாத்தான் சொன்னவன்" என்றார். ஆமை விற்ற கடை பூட்டிக் கிடந்தது. அதன் கதவைத் தடவிப் பார்த்தார். படம் எடுத்தவனைத்தான் பாராட்டுகிறார் என்று நான் நினைத்தேன். நினைத்ததெல்லாம் பிழை.

படிகளைக் கடைசிக்கு வைக்கச் சொன்னவர் அவர்தான். பின்னேரம் நாலு மணி இருக்கும். ஆட்கள் கீழிருந்து ஓடி ஏறி, உச்சியில் இரண்டு கையையும் தூக்கித் துள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு கலியாணப் பெண்கூட வெள்ளை உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். இவர் ஓடவில்லை. தொப்பியைக் கழற்றினார். அப்போதுதான் அவருடைய வழுக்கையை முதல்முறை பார்த்தேன். மெழுகுதிரியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பூசைக்குப் போகிறவர் மாதிரி ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே துள்ளுகிறவர்களை விலக்கிக்கொண்டு நேரே கட்டடத்தின் வாசலுக்குப் போனார். உள்ளே எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை.

"தம்பி, உள்ள ரிக்கற் விக்கிறாங்கள்."

"ஓம் அண்ணை, மியூசியம் எல்லோ. படம் எல்லாம் மாட்டி வைச்சிருப்பாங்கள்."

"கோயில் எங்க?"

"எந்தக் கோயில்?"

"படி ஏறினா மேல கோயில். அங்கதான் இதைக் கொளுத்தவேணும்."

வெயிலில் நடந்து களைத்துவிட்டார் என்று நினைத்தேன். "அண்ணை, படத்தில பாத்தனீங்கள்தானே. இதுதான் அந்தக் கட்டடம். கோயில் ஒண்டும் வராது."

"நான் படம் பாக்கேல்ல" என்றார்.

அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இளவயதில் அவரை இராணுவம் பிடித்து, இலங்கையின் தெற்கே ஒரு தடுப்பு முகாமில் ஒன்றரை வருடம் வைத்திருந்தார்களாம். எனக்கு அது புதிது. ஒரு அறையில் நெருக்கிக்கொண்டு படுக்கிற அளவுக்கு ஆட்கள். அதில் ஒருவன் இவருடைய வயது, பருத்தித்துறைப் பக்கம், படப் பைத்தியம். மத்தியானச் சோறு முடிந்ததும் படம் சொல்லுவான். இரண்டு மணித்தியாலப் படத்தைப் பத்து நாளைக்கு இழுப்பானாம். தெருத் தெருவாக, கடை கடையாகச் சொல்லுவான். பாடசாலைச் சுவர் தவிர வேறொன்றும் அறியாத பொடியன்கள் அந்த அறைக்குள் இருந்துகொண்டு பிலடெல்பியாவில் நடந்து திரிந்தார்கள்.

"அவன் சொல்லச் சொல்ல வெளியில போய்வந்த மாதிரி இருக்கும் தம்பி. அடிச்ச அடி நோகாது" என்றார். "கடைசிச் சண்டை. பதினைஞ்சு சுற்று. ஒவ்வொரு நாளும் ரெண்டு, மூண்டு சுற்றுத்தான் சொல்லுவான். பதினாலாவது சுற்று. கண் வீங்கி மூடிப்போச்சு, எங்கட ஆள் விழுந்திட்டான், கயித்தைப் பிடிச்சு எழும்பிறான். அந்த நேரம் வாசலில வந்து பேர் கூப்பிட்டாங்கள். அவன்ர பேர். எழும்பிச் சேட்டு ஒண்டை எடுத்து மாட்டினான். 'மிச்சம் பேந்து சொல்லுறன். படம் பாத்த ஆக்கள் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது' எண்டு சொல்லிப்போட்டுப் போனவன்."

கதை கேட்கிறவன் நடுவில் 'பேந்து?' என்று கேட்பது எங்கள் ஊர் வழக்கம். அப்புறம் என்ன என்று அர்த்தம். என் வாயிலும் அது பழக்கதோஷத்தில் வந்துவிட்டது.

"பேந்து?"

அவர் என்னைப் பார்த்தார்.

"பேந்து இல்லை" என்றார்.

சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. முகாம் அறையில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்களாம். அவர்களும் சொல்லவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. அவன் வந்து சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள். இவர் வெளியில் வந்து, கனடா வந்து, கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, அப்போதும் கேட்கவில்லை.

"ஊருக்குப் போனநேரம் அவன்ர தாயைத் தேடிப் போனனான். கடைசியா என்ன சொன்னவன் எண்டு கேட்டா. பேந்து சொல்லுறன் எண்டவன் எண்டு சொன்னன். மனுசி என்ர ரெண்டு கையையும் பிடிச்சுப்போட்டா. 'பேந்து எண்டவனோ? அப்ப வருவான். என்ர பிள்ளை சொல்லு மாறமாட்டான்' எண்டா. அவ மகன் வருவான் எண்டு பாத்துக்கொண்டிருக்கேக்க நான் மிச்சத்தை வேற ஆளிட்டக் கேக்கலாமோ? போன கிழமை அவ செத்திட்டாவாம். இனிப் பாத்துக்கொண்டிருக்க ஒருத்தரும் இல்லை."

மெழுகுதிரியைச் சுற்றியிருந்த தாளை விரித்தார். "இனி நீர் சொல்லும். முடிவு சொல்லுறதுதானே உம்மட வேலை. வெண்டவனோ, தோத்தவனோ?"

முடிவு எனக்கு மனப்பாடம். அந்த முதல் படத்தில் அவன் வெல்லவில்லை. புள்ளியில் தோற்றுப்போகிறான். கடைசி மணி அடிக்கும்வரை விழாமல் நிற்கிறான், அவ்வளவுதான். அதுதான் படத்தின் பெருமை என்று சாப்பாட்டு அறையில் எத்தனை தரம் விளக்கம் சொல்லியிருப்பேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"வெண்டவன்" என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. பதினைந்தாவது சுற்றை அடி அடியாகச் சொன்னேன். உலக வீரன் கயிற்றில் சாய்ந்ததையும், நடுவர் எங்கள் ஆளின் கையைத் தூக்கியதையும், சனம் கூரை பறக்கக் கத்தியதையும் சொன்னேன். ஒன்றும் படத்தில் இல்லை. அவர் எழும்பவில்லை. காணும் என்று சொல்லவில்லை. கடைசிச் சொல்வரை இருந்து கேட்டார். பிறகு, "எனக்குத் தெரியும், அவன் எங்களுக்குத் தோக்கிற படம் சொல்லமாட்டான்" என்றார்.

தூண் மூலையில், தொப்பியைக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்து மெழுகுதிரியைக் கொளுத்தினார். காவலாளி ஒருவன் எங்களை நோக்கி வந்தான். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

மொன்ரியலுக்கு வந்ததும் என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. மனுசன் எல்லோரிடமும் சொல்லத் தொடங்கிவிட்டார். மத்தியானத்தில் என் இடத்தைப் பிடித்துக்கொண்டு, பதினாலாவது சுற்றிலிருந்து, நடுவர் கையைத் தூக்கும்வரை. நான் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கெஞ்சினேன். தயவு செய்து திருத்தவேண்டாம். அந்த அறையில் பாதிப்பேர் படம் பார்த்தவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. விசயம் முழுவதும் விளங்காத லொறிச் சாரதிகூட அவர் சொல்லி முடித்ததும் கைதட்டினார்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. அந்தப் படத்தின் ஆறாவது பாகம் வந்தது. லவாலில் ஒரு தியேட்டரில் ஓடுகிறது என்று அறிந்து, பயந்து பயந்துதான் அவரிடம் கேட்டேன். போவோமா அண்ணை? பாணைச் சுற்றியிருந்த தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் தம்பி. முதல் படம் பாத்தனான், அதே போதும்."

"எப்ப பாத்தனீங்கள்?"

"நாங்கள் போய்வந்த அந்த மாதமே. ரிவியில பிரெஞ்சில போட்டவங்கள். மகள் பாத்துக்கொண்டிருந்தவள், நானும் இருந்திட்டன். கதைச்சது ஒண்டும் விளங்கேல்ல. ஆனா கடைசியில கை தூக்கினது மற்றவன்."

இரண்டு வருடமாக நாங்கள் அத்தனை பேரும் அவருக்காக ஒரு பொய்யைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் அதைத் தெரிந்துகொண்டே எங்கள் நடுவில் இருந்து, வாரத்துக்கு ஒருமுறை, அவன் வென்ற கதையை எங்களுக்கே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப ஏன் அண்ணை எல்லாருக்கும் வெண்டவன் எண்டு சொன்னனீங்கள்?"

தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார்.

"அவன், படிக்கு மேல கோயில் எண்டு சொன்னவன். நீர் வெண்டவன் எண்டு சொன்னனீர். எனக்கு அந்தப் படம் காணும்."